டிஸோசியேஷன்: "நான் இருக்கேன், ஆனா இல்லாத மாதிரி இருக்கு" – புரிந்துகொள்ளவும் உதவி தேடவும் முழு வழிகாட்டி

"நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கேன், ஆனா இங்கே இல்லாத மாதிரி இருக்கு." இந்த ஒரு வரியை யாரிடமும் சொல்ல முடியாமல் வருஷக்கணக்கில் தவிப்பவர்கள் நிறையப் பேர். சொன்னால் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் வேறு பெயர் சொல்லி வைத்தியம் பார்க்கிறார்கள். தலை கிறுகிறுக்கிறது என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகிறார்கள். பார்வை ஏதோ மாதிரி இருக்கிறது என்று கண்ணாடியை மாற்றுகிறார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். "உனக்கு ஒண்ணுமில்ல, சும்மா எதையாவது யோசிச்சுக்கிட்டே இருக்காதே" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

ஆனால் அவர்கள் படும் அவஸ்தை உண்மை. அதற்கு டிஸோசியேஷன், அதாவது மனம் தன்னிடமிருந்தோ சுற்றுப்புறத்திலிருந்தோ விலகிப்போவது, என்று பெயர் உண்டு. பிரான்ஸில் பியேர் ழானே என்ற உளவியலாளர் 1889-இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். இன்று மனநல மருத்துவத்தில் இதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. சிகிச்சையும் இருக்கிறது. பெரும்பாலும் தாமதம் ஆவது வேறு இடத்தில்: தவறான கதவைத் தட்டுவதில், சரியான கதவைத் தட்டினாலும் நடப்பதைச் சொல்லத் தெரியாமல் திரும்பி வருவதில். அதனால் இந்த வழிகாட்டியில் நோயின் இலக்கணத்தைவிட, எப்படிச் சொல்வது, எங்கே போவது, போனால் என்ன எதிர்பார்ப்பது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இது ஏன் வருகிறது

நினைவு, உணர்ச்சி, உடம்பு, சுற்றுப்புறம், 'நான்' என்ற எண்ணம் எல்லாம் சாதாரணமாக ஒன்றாக ஓடுகின்றன. தாங்க முடியாத ஒன்று நடக்கும்போது, அதிலிருந்து ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் போகும்போது, மனம் இந்தத் தொடர்பைத் துண்டித்துக்கொள்கிறது. அடி வாங்கும் குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டு வேறெங்கோ போய்விடுவது அப்படித்தான். விபத்தில் சிக்கியவர் "யாருக்கோ நடக்கிற மாதிரி பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்பதும் அதேதான். அந்த நேரத்தில் அது அவரைக் காப்பாற்றியது. ஆபத்து போன பிறகும் அதே பழக்கம் சின்னச் சின்ன அழுத்தத்துக்கெல்லாம் தானாகவே வர ஆரம்பித்தால்தான் தொல்லை.

பெரிய கொடுமை எதுவும் நடக்காதவர்களுக்கும் வரலாம். தூக்கமில்லாத பல இரவுகள், திரும்பத் திரும்ப வரும் பதற்றத் தாக்குதல், கஞ்சா, நீண்ட நாள் மனச்சோர்வு இவையும் காரணமாகலாம். "எனக்கு அப்படி ஒண்ணும் நடக்கலையே, அப்ப இது வேற ஏதோ" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

லேசான வடிவம் எல்லோருக்கும் உண்டு. பஸ்ஸில் ஏதோ யோசனையில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விடுவோம். சாவு வீட்டில் அழுகையே வராமல் எல்லா வேலையையும் ஓடி ஓடிப் பார்ப்போம், பத்து நாள் கழித்து உடைந்துபோவோம். இதற்கெல்லாம் டாக்டர் தேவையில்லை. அடிக்கடி வருகிறது, நீண்ட நேரம் நிற்கிறது, வேலையையோ படிப்பையோ உறவையோ கெடுக்கிறது, அல்லது பயமுறுத்துகிறது என்றால் அடுத்த படிகளைப் பாருங்கள்.

படி 1: உங்களுக்கு நடப்பது எது என்று அடையாளம் காணுங்கள்

டிஸோசியேஷன் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. நான்கு முக்கிய வடிவங்களைச் சொல்கிறேன். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் வரலாம்.

முதலாவது, தன்னிடமிருந்தோ உலகத்திலிருந்தோ விலகிப்போன உணர்வு. கண்ணாடியில் தெரியும் முகம் அந்நியமாக இருக்கும். பேசுவது தன் குரல்தானா என்று சந்தேகம் வரும். கை கால் தன்னுடையவை போலத் தோன்றாது. அல்லது தான் சரியாக இருப்பது போலவும், சுற்றியுள்ள தெரு, வீடு, மனிதர்கள் எல்லாம் சினிமா செட் போலவும் இருக்கும். அம்மாவைப் பார்த்தால் அம்மா என்று தெரியும், ஆனால் அந்தப் பாசம் எட்டாது. இந்த வகை பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது. சராசரி வயது 16 என்று கணக்கு. இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: "இது நிஜமில்லாத *மாதிரி* இருக்கு" என்றுதான் அவர் சொல்வார். நிஜம் எது என்று அவருக்குத் தெரியும். 'எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறதோ' என்று ஓயாமல் பயப்படுவதும் இதன் ஓர் அடையாளம்.

இரண்டாவது, நினைவு இழப்பு. சாவியை எங்கே வைத்தோம் என்ற மறதி இல்லை இது. நேற்று மதியம் மூன்று மணியிலிருந்து இரவு வரை என்ன நடந்தது என்றே தெரியாது. தானே அனுப்பிய மெசேஜைப் பார்த்துத் திகைப்பார். குழந்தைப் பருவத்தில் இரண்டு மூன்று வருஷம் வெற்றிடமாக இருக்கும். அரிதாக, வீட்டைவிட்டுக் கிளம்பி வேறு ஊருக்கே போய்விடுபவர்களும் உண்டு.

மூன்றாவது, உடம்பு வழியாக வருவது. வலிப்பு போன்ற வெட்டு, திடீரென்று பேச்சு நின்றுபோவது, கால் செயலிழப்பது, கண் தெரியாமல் போவது. நம் ஊரில் மனநலப் பிரிவுக்கு டிஸோசியேஷன் என்று வருபவர்களில் இந்த வகை நிறைய. மனவேதனையைச் சொல்லத் தடை இருக்கும் வீடுகளில் உடம்பு பேசுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பரீட்சை நெருங்கும் பிளஸ் டூ மாணவி, புகுந்த வீட்டில் வாயைத் திறக்க முடியாத புது மருமகள், கடனில் மூழ்கிய ஆள் என்று இவர்களில் பலரை நாம் எல்லோருமே பார்த்திருப்போம்.

நான்காவது, ஒருவருக்குள் வேறு வேறு ஆட்கள் இருப்பது போன்ற நிலை. சினிமா இதை மிகவும் கெடுத்து வைத்திருக்கிறது. திரையில் காட்டுவது போல் கொலைகாரர்களாக மாறுவதில்லை. பெரும்பாலும் மறைத்துத்தான் வாழ்கிறார்கள். தனக்குள் பேச்சு கேட்பது, கையெழுத்தோ ருசியோ மாறுவது, நேரம் காணாமல் போவது என்று வெளியே தெரியாத அளவில்தான் இருக்கும். சிறு வயதில் நீண்ட காலம் கொடுமை அனுபவித்தவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. இவர்களால் அடுத்தவர்களுக்கு ஆபத்து என்பதைவிட, தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொள்ளும் ஆபத்துதான் மிக அதிகம்.

இணையத்தில் 28 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைப் பார்க்கலாம். 1986-இல் வந்தது, சுருக்கமாக டி.இ.எஸ். என்பார்கள். மதிப்பெண் 0 முதல் 100 வரை. 30-க்கு மேல் வந்தால் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது வழக்கம். அவ்வளவுதான். அதை வைத்து உங்களுக்கு நீங்களே நோய்ப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 2: உடம்புக் காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்

மனநல மருத்துவரிடம் போவதற்கு முன்னாலோ, போகும்போதோ இதை முடித்துவிடுவது நல்லது. வலிப்பு நோயின் ஒரு வகை, ஒற்றைத் தலைவலி, சர்க்கரை குறைவது, தலையில் அடி, போதைப்பொருள், சில மாத்திரைகள் இவையெல்லாம் இதே மாதிரி உணர்வைத் தரலாம். விலகிப்போன உணர்வு முதன்முறையாக நாற்பது வயதுக்கு மேல் வந்தால், உடம்புக் காரணத்தைக் கூடுதல் கவனத்தோடு தேட வேண்டும்.

வலிப்பு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். டிஸோசியேஷனால் வரும் வெட்டில் கண் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும், தலை பக்கவாட்டில் ஆடும், நீண்ட நேரம் நிற்கும், விட்டு விட்டு வரும், சில சமயம் அழுகையும் வரும். வலிப்பு நோயில் கண் பெரும்பாலும் திறந்திருக்கும், ஓரிரு நிமிடத்தில் வெட்டு அடங்கும். ஆனால் இதை வைத்து வீட்டில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். சாதாரண இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) நார்மலாக வந்துவிட்டால் வலிப்பு நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. வெட்டு வரும் நேரத்திலேயே வீடியோவும் இ.இ.ஜி.யும் சேர்த்துப் பதிவு செய்யும் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும். அதற்கு முன்னால் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அடுத்த தடவை வரும்போது செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைப்பது. அதை டாக்டருக்கு மட்டும் காட்டுங்கள், குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடாதீர்கள்.

உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியவை: முதன்முறை வரும் வெட்டு, ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வெட்டு, தலையில் அடிபட்ட பிறகு வரும் குழப்பம், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுவது, தற்கொலை முயற்சி. இவற்றில் "இது டிஸோசியேஷனாத்தான் இருக்கும்" என்று காத்திருக்கக் கூடாது.

ஏற்கெனவே வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரோடு பேசித்தான் குறைக்க வேண்டும்.

படி 3: வரும்போது என்ன செய்வது

விலகிப்போகும் மனத்தை இப்போதைக்கு, இந்த இடத்துக்குக் கூட்டி வருவதுதான் நோக்கம். இது சிகிச்சை ஆகாது. சிகிச்சை கிடைக்கும் வரை, கிடைத்த பிறகும்கூட, கையில் வைத்துக்கொள்ள வேண்டிய பிடி.

கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மனம் சரியில்லை என்றாலே "கண்ணை மூடி மூச்சை இழுத்து விடு, தியானம் பண்ணு" என்பார்கள். டிஸோசியேஷனில் அது சிலருக்கு எதிர்மாறாகப் போய் விலகலை அதிகமாக்கிவிடும். வேகவேகமாக மூச்சு விட்டாலே உலகம் நிஜமில்லாதது போலத் தோன்றும். ஆகவே மூச்சை மெதுவாக விடுங்கள், ஆனால் கண் திறந்திருக்கட்டும்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்ட் தரையில் காலை அழுத்தி ஊன்றுங்கள். ஒரு சொம்புத் தண்ணீரை இரண்டு கையாலும் பிடியுங்கள், அதன் குளிர்ச்சியையும் கனத்தையும் கவனியுங்கள். முகம், மணிக்கட்டு, பிடரி நனையக் கழுவுங்கள். வாய்விட்டு, காதில் விழும்படி சொல்லுங்கள்: "என் பேர் இது. நான் இப்ப எங்க வீட்டுச் சமையல்கட்டுல நிக்கிறேன். இன்னிக்கு வியாழக்கிழமை. மணி நாலரை." கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிகிற நான்கு, கேட்கும் மூன்று சத்தம், இரண்டு வாசனை, ஒரு ருசி என்று எண்ணுவது பல நாடுகளில் சொல்லித்தரும் முறை. நம் வீட்டில் அதற்கு வசதி அதிகம்: காபிப் பொடி, கற்பூரவள்ளி இலை, ஒரு துண்டு இஞ்சி, புளிப்பு மிட்டாய். வெளியே போகும்போது பையில் மிட்டாய் ஒன்று கிடக்கட்டும்.

எது வேலை செய்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். நன்றாக இருக்கும் நேரத்திலேயே பழகி வையுங்கள். வந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ள மனம் இடம் கொடுக்காது. குளிர்ச்சி வேண்டும் என்று ஐஸ் கட்டியை நீண்ட நேரம் பிடித்துத் தோலைப் புண்ணாக்குவதும், கிள்ளிக்கொள்வதும் வேண்டாம்.

செய்யக் கூடாதது இரண்டு. ஒன்று, 'இப்ப எப்படி இருக்கு, போயிடுச்சா' என்று நிமிஷத்துக்கு ஒருமுறை தன்னையே சோதிப்பது. விலகிய உணர்வு நீண்ட நாள் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இந்தச் சோதனையே பெரிய காரணம். இரவெல்லாம் கூகுளில் தேடுவதும் இதில் சேர்த்தி. இன்னொன்று, அந்த நிலையில் பைக் ஓட்டுவது. வெட்டும் நினைவிழப்பும் வருகிறவர்கள், டாக்டர் சொல்லும் வரை கிணற்றில் குளிப்பது, தனியாக அடுப்படியில் நிற்பது, உயரத்தில் ஏறுவது இவற்றையும் தள்ளி வைக்க வேண்டும்.

படி 4: கூட இருப்பவர்கள் செய்ய வேண்டியது

முதலில் கூட்டத்தைக் கலையுங்கள். ஒரே ஒருவர், அவருக்குப் பிடித்தவர், பக்கத்தில் உட்காரட்டும். தொடுவதற்கு முன் "கையைப் பிடிச்சுக்கட்டுமா" என்று கேளுங்கள். பழைய கொடுமை நினைவில் இருக்கும் ஒருவருக்குத் திடீரென்று தொட்டால் நிலைமை மோசமாகலாம். குரலைத் தாழ்த்தி, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்: "கண்ணு, நான் அக்கா பேசறேன். நாம நம்ம வீட்டுலதான் இருக்கோம். இங்க வேற யாரும் இல்ல. நான் பக்கத்துலயே இருக்கேன்." பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருப்பார்.

கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வெங்காயமோ செருப்போ முகரவைப்பது, முகத்தில் அறைவது, மிளகாய்ப் புகை போடுவது, வேப்பிலையால் அடிப்பது, நெற்றியை விரலால் அழுத்தி வலிக்க வைப்பது எதுவும் வேண்டாம். சிலர் வலி தாங்காமல் எழுந்துவிடுவார்கள். உடனே "பார்த்தியா, நடிப்புதான்" என்பார்கள். நடிப்பு இல்லை. தன் விருப்பத்தால் வரவழைக்கிறவரும் இல்லை அவர். ஒரு தடவை நடிப்பு என்று காதில் விழுந்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டார்.

"எங்க முன்னாடி மட்டும் வருதே, ஏன்?" என்று பலர் கேட்பார்கள். அழுத்தம் அங்கே இருப்பதால் இருக்கலாம். அல்லது அங்கேதான் விழுந்தால் தாங்குவார்கள் என்ற நம்பிக்கை இருப்பதாலும் இருக்கலாம். இரண்டில் எது என்று குற்றம் சுமத்தாமல் யோசிப்பது நல்லது.

படி 5: இரண்டு வாரக் குறிப்பு

ஒரு சின்ன நோட்டு போதும். எப்போது வந்தது, எவ்வளவு நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு தூங்கினேன், என்ன சாப்பிட்டேன், எது கொஞ்சமாவது உதவியது. பெண்கள் மாதவிடாய் நாட்களையும் குறியுங்கள். பழைய கொடுமைகளை இதில் விரிவாக எழுத வேண்டாம். தனியாக உட்கார்ந்து அதைக் கிளறுவது இப்போது நல்லதில்லை. "பழைய விஷயம் ஞாபகம் வந்தது" என்று ஒரு வரி போதும்.

படி 6: யாரிடம் போவது

தொடங்குவதற்கு எளிய வழி ஒரு போன் அழைப்பு. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பெயர் சொல்லத் தயங்கினாலும் பேசலாம். உங்கள் மாவட்டத்தில் எங்கே போகலாம் என்று கேளுங்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பை 044-24640050 எண்ணில் அழைக்கலாம். இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய மனநல உதவி எண் 1926.

நேரில் போக, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு இருக்கும். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது. அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் அங்கே புறநோயாளியாக வந்து பார்த்துவிட்டு மதியம் வீட்டுக்குப் போகிறவர்கள்தான் பெரும் கூட்டம். சிக்கலான நிலைக்கு பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனை இருக்கிறது.

யார் யார் என்ற குழப்பம் வேண்டாம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து அதன் மேல் மனநலத்தில் பட்டம் பெற்றவர். நோயைக் கண்டுபிடிப்பார், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சுச் சிகிச்சை செய்பவர். அவருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டால் சொல்லத்தான் வேண்டும். 'கவுன்சிலர்' என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். நல்லவர்கள் அதிலும் இருக்கிறார்கள், ஆனால் டிஸோசியேஷனுக்கு இது போதாது. என் யோசனை: முதலில் மனநல மருத்துவர், அவர் வழியாக சைக்காலஜிஸ்ட்.

சைக்காலஜிஸ்டிடம் போனிலேயே இந்த இரண்டைக் கேளுங்கள்: "டிஸோசியேஷன் உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் சில வாரம் என்ன செய்வீர்கள்?" இரண்டாவது கேள்விக்கு "முதல் நாளே ஆழ்மனத்துக்குப் போய் எல்லாத்தையும் வெளியே எடுத்துடலாம்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். ஹிப்னாடிசம் செய்து மறந்ததைத் தோண்டுவதாகச் சொல்கிறவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். நடக்காததும் நடந்தது போல நினைவில் பதிந்துவிடும் ஆபத்து அதில் உண்டு.

படி 7: டாக்டர் அறையில்

அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவை நினைத்துப் பாருங்கள். ஓ.பி. சீட்டு போட்டு, வரிசையில் உட்கார்ந்து, உங்கள் முறை வந்து உள்ளே போனால், எதிரே டாக்டர், பக்கத்தில் அம்மாவோ கணவரோ. அடுத்த நோயாளி ஏற்கெனவே கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார். இந்த நெருக்கடியில் "என்னம்மா பிரச்சனை?" என்றால் வாயில் வருவது "தலை சுத்துது சார்" மட்டும்தான். வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுத்துவிடுங்கள். இப்படி இருக்கலாம்:

"வயது 24. எட்டு மாதமாக இருக்கிறது. வாரத்தில் மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். என் கையைப் பார்த்தால் வேறு யாருடைய கையோ போல இருக்கிறது. சுற்றி இருப்பது நிஜம் இல்லாதது போலத் தெரிகிறது, ஆனால் நிஜம்தான் என்று எனக்குத் தெரியும். காதில் குரல் கேட்பதில்லை. போன மாதம் ஒரு மதியம் முழுக்க என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. தூக்கம் நான்கு மணி நேரம். கஞ்சா இரண்டு தடவை எடுத்திருக்கிறேன், அதன் பிறகு அதிகமானது. செத்துவிடலாம் என்று தோன்றியது உண்டு, இப்போது இல்லை. தனியாகப் பேச ஐந்து நிமிடம் வேண்டும்."

இந்தத் தாளில் "போலத் தெரிகிறது, ஆனால் நிஜம்தான் என்று தெரியும்" என்ற வரிதான் உயிர்நாடி. மனச்சிதைவு நோயையும் (ஸ்கிசோஃப்ரினியா) டிஸோசியேஷனையும் பிரித்துப் பார்க்க டாக்டருக்கு அது உதவும். குரல் கேட்கிறது என்றால் அதையும் மறைக்காமல், வெளியிலிருந்து கேட்கிறதா, தனக்குள்ளேயே கேட்கிறதா என்று சொல்லுங்கள். கஞ்சா, குடி எதையும் மறைக்க வேண்டாம். போலீஸில் சொல்வதற்காக டாக்டர் கேட்பதில்லை.

கடைசி வரியும் முக்கியம். வீட்டார் முன்னால் சொல்ல முடியாத காரணம் இருக்கலாம். தனியாகப் பேசக் கேட்பது தவறில்லை.

18 வயதுக்குக் கீழே உள்ளவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரியவந்தால் அதைப் புகார் செய்வது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி டாக்டர் உட்பட எல்லோருக்கும் கட்டாயம். சொல்லாமல் இருந்துவிடுங்கள் என்பதற்காக இதை எழுதவில்லை. சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் அதிர்ச்சி குறையும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181. வீட்டிலேயே கொடுமை இன்னும் நடந்துகொண்டிருந்தால், எந்தப் பேச்சுச் சிகிச்சைக்கும் முன்னால் பாதுகாப்பான இடம்தான் வேண்டும். ஆபத்து நிற்காத வரை விலகலும் நிற்காது.

படி 8: சிகிச்சை எப்படிப் போகும்

டிஸோசியேஷனுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. இதைத் தெரியாமல் "மாத்திரை கேக்கலையே" என்று மாதாமாதம் டாக்டரை மாற்றுகிறவர்கள் உண்டு. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை இவற்றுக்கு மருந்து நன்றாக உதவும். அவை குறைந்தால் விலகலும் கொஞ்சம் தளரும். முக்கிய சிகிச்சை பேச்சுச் சிகிச்சைதான்.

கொடுமையின் பின்விளைவாக வந்ததென்றால் அது மூன்று கட்டமாகப் போகும். முதலில் தூக்கம், பாதுகாப்பு, உணர்ச்சியைத் தாங்கும் பழக்கம், படி 3-இல் சொன்ன பிடிகள். இந்தக் கட்டமே சில மாதம் எடுக்கலாம். "இன்னும் முக்கியமான விஷயத்துக்கே வரலையே" என்று பொறுமை இழக்காதீர்கள், இதுவே முக்கியமான விஷயம். கால் ஊன்றிய பிறகு இரண்டாவதாக நடந்ததை, தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவது. மூன்றாவதாக வேலை, படிப்பு, உறவு என்று வாழ்க்கைக்குத் திரும்புவது. நடுவில் முன்னும் பின்னுமாகப் போய்வருவது சகஜம்.

கொடுமை பின்னணி இல்லாத, விலகிய உணர்வு மட்டும் இருப்பவர்களுக்கு வேறு வேலை: தன்னையே சோதிக்கும் பழக்கத்தைக் குறைப்பது, 'பைத்தியமாகிவிடுவேன்' என்ற பயத்தை எதிர்கொள்வது, பயத்தால் விட்டுவிட்டவற்றை மறுபடி செய்வது. வெட்டு வருகிறவர்களில் சிலருக்கு, இது என்ன என்று டாக்டர் மரியாதையோடு விளக்கிச் சொன்னதுமே எண்ணிக்கை குறைகிறது. நோயைச் சொல்லும் விதத்துக்கே அவ்வளவு பலம் உண்டு. "மனசுலதான் பிரச்சனை, போம்மா" என்று விரட்டுவது எவ்வளவு கெடுதல் என்பது இதிலிருந்தே தெரியும்.

சாமி, பேய், கோயில், தர்கா

திருவிழாவில் உடுக்கை அடித்ததும் சாமி வந்து ஆடுகிறவர், குறி சொல்லிவிட்டு, விபூதி பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறாக்குகிறார். அது நோய் இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் அப்படித்தான் சொல்கிறது: ஊரும் மதமும் ஏற்றுக்கொண்ட சடங்கின் பகுதியாக வருவது நோயாகாது. விருப்பமில்லாமல், சடங்குக்கு வெளியே, திரும்பத் திரும்ப வந்து, ஆளை வதைத்து வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அது நோய்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அங்கே கிடைக்கும் ஆறுதலும் ஆறுதல்தான். ஆனால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவதற்கு அது காரணமாகக் கூடாது. கட்டிவைப்பதும் அடிப்பதும் எங்கே நடந்தாலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடந்த மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பூட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களையும் குணமாக வேண்டும் என்றுதான் வீட்டார் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அரசு செலவில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையும், உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையும் அதில் உண்டு. உடல் நோய்க்குக் கிடைக்கும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. க்ளெய்மை நிராகரித்தால் இந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

முதல் டாக்டர் சரிப்படவில்லை என்றால்

காது கொடுத்துக் கேட்காத டாக்டர் அமைந்துவிடலாம். அதற்காக மொத்த முயற்சியையும் விட்டுவிட வேண்டாம். சீட்டு, மருந்துப் பட்டியல், பரிசோதனை ரிப்போர்ட், வீடியோ, நோட்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். அடுத்தவரிடம் போகும்போது கதையை முதலிலிருந்து சொல்லும் சோர்வு குறையும். மருந்து ஆரம்பித்திருந்தால் புதிய டாக்டரைப் பார்க்கும் வரை அதை நிறுத்தாதீர்கள்.

குணமான பிறகும் பரீட்சை, பிரசவம், வீட்டில் ஒரு சாவு, தொடர்ந்து தூக்கம் கெடுவது போன்ற சமயங்களில் பழைய விலகல் எட்டிப் பார்க்கலாம். பழையபடி முதலிலிருந்து ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. படி 3-க்குத் திரும்புங்கள், தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் ஏற்கெனவே பார்த்த அதே சைக்காலஜிஸ்டிடம் ஒரு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.